அரங்கிற்கு வந்த ஓவியம்

(ஓவிய மன்றத்தின் ஆய்வுக் கட்டுரை)

சென்ற ஆண்டு நம் பள்ளி ஆண்டு விழாவிற்கு வந்திருந்த பெற்றோர்களுக்கு, மேல்நிலை வகுப்பு மாணவியர் நடித்த நாடகம் நினைவிருக்கும் என நம்புகிறோம். அதில் வந்த காட்டுக் காட்சிக்குப் படுதா எழுதியது எங்கள் ஓவிய மன்றம். பள்ளி விட்ட பின் நாள்தோறும் ஒரு மணி நேரம் என மூன்று வாரங்கள் உழைத்தோம். இலைகளுக்கு மட்டும் ஐந்து வகைப் பச்சை. அந்த ஐந்தையும் பொறுமையாகக் குழைத்துத் தீட்டியவள் எங்கள் மன்றத் தோழி ஒருத்தி. பகல் வெளிச்சத்தில் படுதாவைத் தொங்கவிட்டுப் பார்த்த தலைமைச் சகோதரி அவர்கள், “உள்ளே நடந்து போய்விடலாம் போலிருக்கிறதே!” என்று பாராட்டினார்கள்.

விழா மாலையில் நடந்ததே வேறு. காடு தீப்பற்றி எரியும் காட்சிக்காக விளக்குகளின்மீது சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டியிருந்தனர். அந்த விளக்கு எரிந்ததுதான் தாமதம், ஐந்து பச்சையும் ஒரே கறுப்பாகிவிட்டன! மேடையின் பக்கத்தில் நின்றிருந்த எங்கள் தோழியின் கண்கள் கலங்கின. நாடகம் முடிந்ததும் ஒரு மாணவியின் தாயார் எங்களைத் தேடி வந்தார். “கருகிப்போன காட்டை எவ்வளவு தத்ரூபமாக வரைந்திருக்கிறீர்கள், கண்ணுகளா!” என்றார். சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தோழியோ, “இனி நான் மேடைக்கு வரையவே மாட்டேன். அங்கே போனால் என் படம் என் படமாக இருப்பதில்லை” என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் ஓவிய ஆசிரியை அவளைத் தேற்ற முற்படவில்லை. “ஹோவர்டு ஹாட்ஜ்கின் என்று ஓர் ஓவியர் இருந்தார். அவரைப் பற்றிப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்” என்று மட்டும் கூறினார். அவ்வாறு நாங்கள் படித்தறிந்ததையே இங்கே தொகுத்துத் தருகிறோம்.

யார் இவர்?

ஹோவர்டு ஹாட்ஜ்கின் 1932ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு வீச்சுக்கு அஞ்சிப் பல ஆங்கிலேயக் குழந்தைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். அவ்வாறே சிறுவன் ஹாட்ஜ்கினும் அமெரிக்கா சென்று மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். ஓவியனாக வேண்டும் என்னும் ஆசை அவருக்கு மிகச் சிறு வயதிலேயே தோன்றிவிட்டது. இலண்டனில் கேம்பர்வெல் கலைப் பள்ளியிலும், பின்னர் கார்ஷம் என்னும் ஊரிலிருந்த பாத் கலைக்கழகத்திலும் பயின்றார்.

புகழ் அவரை விரைந்து வந்தடையவில்லை. தம் படங்களை மட்டும் வைத்து முதல் தனிக் கண்காட்சி நடத்தியபோது அவருக்கு வயது முப்பது. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் கலைப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே வரைந்து வந்தார். 1984ஆம் ஆண்டு வெனிஸ் நகரின் பன்னாட்டுக் கலைவிழாவில் பிரிட்டனின் சார்பில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. அடுத்த ஆண்டே பிரிட்டனின் புகழ்பெற்ற டர்னர் பரிசு கிடைத்தது. 1992இல் அரசியார் ‘சர்’ பட்டம் வழங்கினார். 2017ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், தம் 84ஆம் வயதில், ஹாட்ஜ்கின் இலண்டனில் மறைந்தார்.

இது ஓவியமா, கிறுக்கலா?

ஹாட்ஜ்கினின் படங்களை முதன்முதலாகப் பார்த்தபோது எங்களுள் சிலர் சிரித்துவிட்டோம் என்பதை மறைப்பானேன்? அங்கே முகம் இல்லை; மரம் இல்லை; வீடு இல்லை. தடித்த தூரிகைத் தீற்றல்கள், வட்டப் புள்ளிகள், வளைந்த பட்டைகள், கண்ணைப் பறிக்கும் சிவப்பும் பச்சையும் ஆரஞ்சும். இவ்வகைப் படங்களை அரூப ஓவியங்கள் என்பார்கள். ஒரு பொருளின் உருவத்தைக் காட்டாமல், நிறத்தாலும் கோட்டாலும் வடிவத்தாலுமே பேசுவது அரூப ஓவியம்.

ஆனால் ஹாட்ஜ்கின் தம்மை அரூப ஓவியர் என்று அழைப்பதை ஏற்றுக்கொள்ளவில்லை. தாம் வரைவது உண்மையில் நடந்த ஒன்றைத்தான் என்றும், ஆனால் அதன் வெளித்தோற்றத்தை அல்ல என்றும் அவர் கூறிவந்தார். நண்பர் வீட்டு விருந்து, ஒரு பயணம், ஒரு பிரிவு, மழை பெய்த ஒரு பொழுது – இவற்றின் நினைவே அவருக்குப் பொருள். ‘டெல்லியில் திருமதி ஆக்டன்’ என்று ஒரு படத்திற்குப் பெயர். ‘மழை’ என்று மற்றொரு படத்திற்குப் பெயர். பெயரைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், நம் நினைவில் உள்ள மழை நமக்குள் பெய்யத் தொடங்குகிறது.

எளிதான சான்று ஒன்று கூறுவோம். 2012ஆம் ஆண்டு இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது, புகழ்பெற்ற ஓவியர் சிலரிடம் சுவரொட்டி வரைந்து தரும்படி கேட்டிருந்தார்கள். ஹாட்ஜ்கின் வரைந்ததற்கு ‘நீச்சல்’ என்று பெயர். அதில் நீந்துபவர் எவருமில்லை. நீல வண்ணம் மட்டும் சுழன்று சுழன்று செல்கிறது. ஆனால் நீரில் குதித்துப் பழகிய எவரும் அதைப் பார்த்தவுடன் தண்ணீரின் குளிர்ச்சியை உணர்வார்கள்.

நம் ஆலயத்தின் வண்ணக் கண்ணாடி வழியாகக் காலை வெயில் தரையில் விழுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நிறங்களில் உருவம் ஏதுமில்லை. ஆயினும் அவற்றைப் பார்த்து நம் மனம் அமைதி அடைகிறதே! உருவம் இல்லாத நிறத்திற்கும் பொருள் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அவசரமாகப் பூசிவிட்டவை போலத் தோன்றும் இப்படங்கள் உண்மையில் மிக மெதுவாக உருவானவை. ‘மழை’ என்னும் படத்தை ஹாட்ஜ்கின் 1984இல் தொடங்கி 1989இல் முடித்தார். ஐந்து ஆண்டுகள்! துணியைவிட மரப்பலகையில் வரைவதையே அவர் பெரிதும் விரும்பினார். ஒருமுறை பூசிய வண்ணத்தின்மீது மறுமுறை, அதன்மீது இன்னொரு முறை எனப் பூசிக்கொண்டே போவார். பலகை அத்தனையையும் தாங்கும் அன்றோ? பல படங்களில் சட்டத்தின் மேலும் வண்ணம் ஏறியிருக்கும்; சட்டமும் படத்தின் பகுதியாகிவிடும்.

இந்தியாவும் ஹாட்ஜ்கினும்

இந்த ஆங்கில ஓவியருக்கு இந்தியா இரண்டாம் தாயகம் எனலாம். பள்ளிப் பருவத்திலேயே ஓவிய ஆசிரியர் ஒருவர் மூலமாக இந்தியச் சிற்றோவியங்களை அறிந்து, அவற்றைச் சேகரிக்கத் தொடங்கினார். முகலாய, இராஜபுத்திர, தக்காணப் பாணி ஓவியங்கள் பலவற்றை வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்தார். அவற்றுள் யானைப் படங்கள்மீது அவருக்குத் தனிப் பிரியம். அத்தொகுப்பிலிருந்து 80க்கும் மேற்பட்ட ஓவியங்கள் 2022ஆம் ஆண்டு நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

1964ஆம் ஆண்டு முதன்முறையாக இந்தியா வந்தார். அதன்பின் தம் இறுதிக் காலம் வரை மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருந்தார். கடைசி ஆண்டுகளில் மும்பையில் தங்கிப் பல படங்கள் வரைந்தார்.

புதுடெல்லியில் கஸ்தூர்பா காந்தி சாலைக்குச் செல்வோர் பிரிட்டிஷ் கவுன்சில் கட்டடத்தை இன்றும் காணலாம். 1992ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கட்டடத்தை வடிவமைத்தவர் நம் நாட்டின் சிறந்த கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. அதன் முகப்பை முழுவதும் நிறைத்துப் படர்ந்திருக்கும் ஆலமரம் ஹாட்ஜ்கினின் வடிவமைப்பு. வெள்ளைக்கு இராஜஸ்தானத்து மக்ரானா பளிங்கும், கறுப்புக்கு நம் வீட்டுச் சமையலறை மேடைகளில் பதிக்கிறோமே, அந்தக் கடப்பைக் கல்லும் பயன்பட்டுள்ளன. வடிவம் தந்தவர் ஓவியர்; அதைக் கல்லில் வெட்டிப் பதித்த கைகளோ வேறு.

தனியறையிலிருந்து மேடைக்கு

இனி, எங்கள் தோழியின் கேள்விக்கு வருவோம்.

ஹாட்ஜ்கின் தனிமையில் வேலை செய்தவர். இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு அருகில், முன்பு பால் பண்ணையாக இருந்த ஒரு கட்டடமே அவருடைய ஓவியக்கூடம். வெள்ளைச் சுவர், மேலே கண்ணாடிக் கூரை. வரைந்துகொண்டிருக்கும் படங்களைப் பெரிய வெள்ளைத் தட்டிகளால் மறைத்துவைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பார்ப்பார். நெடுநேரம் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்துவிட்டு, சில தீற்றல்களே போடும் நாள்களும் உண்டு.

இத்தகையவர் மேடைக்கு வேலை செய்ய ஒப்புக்கொண்டார் என்பதே வியப்பு. 1981இல் ரிச்சர்டு ஆல்ஸ்டன் அமைத்த ‘இரவு இசை’ என்னும் நடனத்திற்காக, பாலே ராம்பர்ட் குழுவினருக்கு அரங்க அமைப்பும் உடையும் வடிவமைத்தார். 1987இல் அதே நடன அமைப்பாளரின் ‘புல்சினெல்லா’ வந்தது. இதற்கு இசை ஸ்டிராவின்ஸ்கி. 1920இல் பாரிஸில் இது முதன்முதலாக ஆடப்பட்டபோது மேடையை வடிவமைத்தவர் வேறு யாருமல்லர், பிக்காசோவே. அத்தகைய பெரியவர் கை வைத்த இடத்தில் கை வைக்க எவ்வளவு துணிவு வேண்டும்!

மேடைக்கு வரையும்போது என்ன நடக்கிறது என்பதை நம் இளைய மாணவியருக்காகச் சற்று விளக்குவோம். ஓவியர் முதலில் சிறிய அளவில் படம் தீட்டித் தருவார். உண்மை மேடையின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அட்டையால் ஒரு மாதிரி மேடை செய்து, அதற்குள் படத்தை வைத்துப் பார்ப்பது பிரிட்டிஷ் அரங்குகளின் வழக்கம். பிறகு படத்தின்மேல் சதுரக் கட்டங்கள் இடுவார்கள். பூகோள வகுப்பில் தேசப்படத்தைப் பெரிதாக்க நாம் கட்டம் போடுகிறோமே, அதே முறைதான். பெரிய துணியைத் தரையில் விரித்து, நீண்ட காம்பு கட்டிய தூரிகைகளால், நின்றபடியே படுதா எழுதும் தொழிலாளர்கள் கட்டம் கட்டமாகப் படத்தைப் பெரிதாக்குவார்கள்.

இங்கேதான் சிக்கல். ஹாட்ஜ்கினின் தீற்றல் ஒரு கை வீச்சில் பிறந்தது. தூரிகையின் மயிர்கள் விட்டுச்சென்ற தடம் கூட அதில் தெரியும். கையகல வீச்சைச் சுவரகலமாக்கும்போது அதன் வேகம் குறையாமல் இருக்க வேண்டும். அந்தத் திறமை படுதா எழுதுபவருடையது; ஓவியருடையது அன்று. ஓவியக்கூடத்தில் ஒரு தீற்றல் பிடிக்காவிட்டால் அதன்மேல் பூசிவிட ஐந்து ஆண்டுகள் கிடைத்தன. நாடக அரங்கிலோ நாள் குறித்தாயிற்று. திரை தூக்கியே ஆக வேண்டும்.

ஒளி செய்யும் மாயம்

அடுத்து ஒளி. சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறோம். பச்சைச் சாயம் அவற்றுள் பச்சையைத் திருப்பியனுப்பி, மற்றவற்றைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. சிவப்பு விளக்கில் பச்சை ஒளி இல்லை. திருப்பியனுப்ப ஒன்றுமில்லாத சாயம் கறுப்பாகவே தெரியும். எங்கள் காடு கருகியதன் மர்மம் இதுவே! பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய எங்களுக்கு, விளக்குக் கட்டும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

ஆகவே மேடைப் படத்தை முடிப்பவர் ஓவியர் அல்லர். ஒளியமைப்பாளரும் சேர்ந்தே முடிக்கிறார். இதை உணர்ந்தே நல்ல அரங்குகளில் ஓவியர், நடன அமைப்பாளர், ஒளியமைப்பாளர் ஆகியோர் முன்கூட்டியே கலந்து பேசுகிறார்கள்.

ஹாட்ஜ்கினின் மேடைப் பணிகளுள் புகழ்பெற்றவை, அமெரிக்க நடன அமைப்பாளர் மார்க் மாரிஸ் என்பவருடன் இணைந்து செய்தவை. 1997 தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த நட்பு நீடித்தது. மேதை மோசார்ட் பிறந்து 250 ஆண்டுகள் நிறைந்த 2006ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ‘மோசார்ட் நடனங்கள்’ அரங்கேறியது. மூன்று பகுதிகளைக் கொண்ட அந்நடனத்திற்கு ஹாட்ஜ்கின் தந்த பின்திரைகளில் மாபெரும் தூரிகைத் தீற்றல்களே இருந்தன. மாளிகையோ தோட்டமோ இல்லை. பின்னே தீற்றல் வளைந்து நிற்க, முன்னே நடனமாடுவோரின் கைகளும் அவ்வாறே வளைந்து செல்லும். கதை சொல்லும் படமாக இருந்திருந்தால், பார்ப்போர் அதையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். உருவமில்லாத படம் ஆடுவோருக்கு இடம் விட்டது.

2016ஆம் ஆண்டு, அவர் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், ‘லைலா மஜ்னூன்’ அரங்கேறியது. பிரிக்கப்பட்ட இரு அன்பு உள்ளங்களின் பழைய கதை அது. 1908இல் அஜர்பைஜானியரான உசேயிர் ஹாஜிபெய்லி இயற்றிய இசை நாடகத்தைத் தழுவியது. பாடகரும் இசைக்கலைஞரும் மேடை நடுவே அமர்ந்திருக்க, அவர்களைச் சுற்றி நடனம் நடைபெறும். பின்திரையும் உடைகளும் ஹாட்ஜ்கினுடையவை. எண்பது வயதைக் கடந்து, நடக்கவும் இயலாத நிலையில் இருந்தபோதும், தம் படத்தைப் பிறர் கையில் ஒப்படைக்க அந்த முதியவர் தயங்கவில்லை.

கோலம்

மார்க் மாரிஸுடன் அவர் செய்த மற்றொரு பணியை வேண்டுமென்றே இறுதியில் வைத்தோம். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஒரு நடனம் அரங்கேறியது. இசையைத் தபேலா மேதை ஜாகிர் உசேனும் அமெரிக்கப் பியானோக் கலைஞர் ஈதன் ஐவர்சனும் அமைத்தனர். அரங்க ஓவியம் ஹாட்ஜ்கினுடையது. அந்நடனத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘கோலம்’! ஆம், நம் வீட்டு வாசலில் போடும் கோலத்தின் பெயரே அது.

இதைப் படித்தபோது எங்களுள் ஒருத்தி, “அரூப ஓவியம் புரியவில்லை என்கிறோமே, தினமும் காலையில் அதைத்தானே நாம் போடுகிறோம்!” என்றாள். உண்மைதான். சிக்குக் கோலத்தில் எந்த உருவத்தைக் காண்கிறோம்? புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து செல்கிறது, அவ்வளவே. ஆனால் கோலமிட்ட வாசலைக் கண்டதும் ‘இந்த வீட்டில் எல்லாம் நலம்’ என்று மனம் சொல்கிறது. நம் பாட்டிமார் எந்தக் கலைப் பள்ளியிலும் படிக்காமலே கற்றுத் தந்த அரூப ஓவியம் இது.

இன்னொன்றும் தோன்றியது. விடியற்காலையில் குனிந்து, கை வலிக்கப் போட்ட கோலம் காலை பத்து மணிக்கு இருப்பதில்லை. பால்காரர் மிதிவண்டி ஏறிப் போகும். பள்ளிக்கு ஓடும் தம்பி மிதித்துப் போவான். எறும்பு அரிசி மாவைத் தூக்கிப் போகும். எந்தத் தாயாவது ‘என் கோலம் போயிற்றே’ என்று அழுததுண்டா? மறுநாள் காலையில் மீண்டும் தெளித்துப் போடுகிறார்கள். வருவோர் போவோர் நடப்பதற்காகவே உள்ள இடம் வாசல் என்பதை அறிந்தே அங்கே வரைகிறார்கள்.

மேடையும் அத்தகைய வாசலே. அங்கே வரைபவர், தம் படத்தின் முன்னே ஆள் நிற்பார் என்றும், அதன்மேல் ஒளி விழும் என்றும், நாடகம் முடிந்தால் அது சுருட்டி வைக்கப்படும் என்றும் அறிந்தே வரைய வேண்டும். தமக்கென்று ஒரு பலகையில் ஐந்து ஆண்டுகள் உழைக்கவும், பிறருக்கென்று ஒரு திரையைத் தந்துவிட்டு ஒதுங்கி நிற்கவும் ஹாட்ஜ்கினால் முடிந்தது.

முடிவாக

இக்கட்டுரையை மன்றக் கூட்டத்தில் படித்தபோது எங்கள் தோழி ஒன்றும் பேசவில்லை. “அந்த அம்மா சொன்னது சரிதான் போலிருக்கிறது. அந்தக் காட்சிக்குக் கருகின காடுதானே வேண்டும்?” என்று சற்று நேரம் கழித்துச் சொன்னாள். “ஆனாலும் என் ஐந்து பச்சையை ஒருவரும் பார்க்கவில்லையே” என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்த வருத்தம் நியாயமானதே. அதைப் பொய்யென்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. அந்தப் பச்சைகளை அவள் தனியே ஓர் அட்டையில் தீட்டித் தந்தாள்; எங்கள் ஓவிய அறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். காடு என்று பெயரிட்டிருக்கிறாள். அதில் ஒரு மரமும் இல்லை. பெற்றோர்கள் பள்ளிக்கு வரும்போது அவசியம் வந்து பார்க்கும்படி வேண்டுகிறோம்.

இவ்வாண்டு விழாவிற்குக் கடற்கரைக் காட்சி வேண்டுமாம். சென்ற வாரம் படுதாத் துணி வந்து சேர்ந்தது. துணியை விரிக்கும் முன்னே ஒரு குரல் கேட்டது: “முதலில் சொல்லுங்கள், அன்றைக்கு என்ன நிற விளக்குப் போடப் போகிறீர்கள்?”

கேட்டது யார் என்று நாங்கள் சொல்லவும் வேண்டுமோ?